லவோன் உட்காரும் பக்கம்

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். உன் மனைவிக்கு என்ன வியாதி, உன் மகன் ஏன் சர்ச்சுக்கு வருவதில்லை, முன்பல் எப்படி உடைந்தது, எல்லாம் கேட்கலாம். உன்னிடம் எத்தனை மாடு இருக்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால், அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டது மாதிரி. கிழக்கு மொன்டானாவில் மண்ணில் தவழும் குழந்தைக்குக்கூட இது தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. இது தெரியாவிட்டால், ஒரு நல்ல மனுஷன் தன் மனைவியை ஒரு குளிர்காலம் பூராவும் எப்படி நோகடித்தான் என்பது உங்களுக்குப் புரியாது.

ஹால்வர் ஸ்டென்ஸ்ரூட் நல்ல மனுஷன்தான். எழுபதைத் தாண்டியவர், உயரம், வாய் கொஞ்சம் நீளம். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தது அவர்தான். அப்பா காலத்திலிருந்து மாடு வளர்த்த குடும்பம். அடுத்தடுத்து மழை பொய்த்ததில் புல் கருகி, மந்தை மொத்தத்தையும் தன் நீளமான டிரெய்லரில் தானே ஏற்றி ஏலத்துக்குக் கொண்டுபோனார். "புல் திரும்பினதும் கிடாரி வாங்கி விட்டுடுவேன்" என்றார். புல் திரும்பியது. அவர் வாங்கவில்லை. அதற்குள் அவர் மனைவி லவோன் நோயில் விழுந்திருந்தாள்; அவருக்கும் உடம்பில் பழைய வலு இல்லை. டிரெய்லர் தொழுவத்துக்குப் பின்னால் நின்றது, அச்சு வரைக்கும் களை ஏறி. கடைத்தெருவிலோ அவர் இன்னும் மாட்டுக்காரர்தான். "வர்ற இலையுதிர்ல பாக்கறேன்" என்பார். எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது அல்லவா.

லவோனுக்குப் புற்றுநோய் வந்தது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். முதுகெலும்பின் கண்ணிகள் உள்ளுக்குள் உளுத்துப்போயிருந்தன. வாரா வாரம் வியாழக்கிழமை பில்லிங்ஸ் நகரத்துக்குப் போய் நரம்பில் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். வீட்டிலிருந்து தார் ரோட்டைத் தொடுவதற்கே நெடுந்தூரம் சரளைப் பாதை. வண்டிகள் ஓடி ஓடி அது துணி துவைக்கும் பலகை மாதிரி அலை அலையாய்க் கிடக்கும். நடுநடுவே குழாய்ப் பாலங்கள். மாடு ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குத் தாண்டாமல் இருக்க, பாதைக்குக் குறுக்கே குழி வெட்டி மேலே இரும்புக் குழாய்களை இடைவெளி விட்டுப் போட்டிருப்பார்கள். மாடு கால் வைக்கப் பயந்து நின்றுவிடும். வண்டி தடதடவென்று ஏறிப் போகும்.

போவதற்கு இருந்தது ஹால்வரின் பெரிய டீசல் பிக்கப். டிரெய்லரை இழுப்பதற்கென்றே வாங்கியது; பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் கைமொத்தம் இருக்கும். மழைக்கும் பனி உருகும் சேற்றுக்கும் அந்தப் பாதையில் அதைத் தவிர வேறு வண்டி நகராது. அந்த செப்டம்பரில் அதன் ஷாக் அப்சார்பர்களில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. பள்ளத்தில் ஒரு தடவை இறங்கினால் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போனது. புதுசு வாங்க ஹால்வர் கூட்டுறவுக் கடைக்குப் போனார்.

அந்தக் கடையில் உதிரி பாகங்கள் விற்கும் கவுன்ட்டருக்கு எதிரிலேயே ஒரு வட்ட மேஜை உண்டு. காலையில் ஊர் ஆண்கள் அங்கே கூடுவார்கள். தோல் குவளையில் பகடையைக் குலுக்கி உருட்டி, தோற்றவன் எல்லாருக்கும் காபி வாங்க வேண்டும். கவுன்ட்டரில் பேசுவது ஒரு வார்த்தை விடாமல் மேஜைக்குக் கேட்கும். மேஜையில் பேசுவது ஊருக்கே கேட்கும்.

கவுன்ட்டரில் ட்ரூடி இருந்தாள். நாற்பது வயசுக்காரி, அதே ஊர்ப் பெண்.

"எந்த மாதிரி வேணும், ஹால்வர்? ரெண்டு மூணு வகை இருக்கு."

"எது ரொம்பக் கெட்டியோ அதைக் குடு."

"உழைப்புல எல்லாம் கெட்டிதான். பிடிப்புலதான் வித்தியாசம். பாரம் ஏத்தற வண்டின்னா இறுக்கமா இருக்கணும், இல்லாட்டி அலைபாயும். சும்மா ஓடற வண்டிக்கு அதைப் போட்டா ஒவ்வொரு கல்லும் உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியும்." கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள். "இப்போ என்ன இழுக்கறீங்க?"

மேஜையில் குவளைக்குள் உருண்டுகொண்டிருந்த பகடை நின்றது.

கேட்ட பிறகுதான் ட்ரூடிக்கு உறைத்தது. காது மடல் சிவந்துபோயிற்று. ஷாக் விற்க அவள் கேட்டாக வேண்டிய கேள்விதான் அது. ஆனால் ஹால்வரிடம் அதைக் கேட்பதும் மாடு எத்தனை என்று கேட்பதும் ஒன்று.

ஹால்வர் தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "எப்பவும் இழுக்கறதுதான். மாட்டு டிரெய்லர். நெறைய."

அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த டெல்மர் காபிக் குவளைக்குள் எதையோ தேடினார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது மரியாதை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படித்தான், ஒரு மனுஷனின் பொய்யை அப்படியே போக விட்டுவிடுவோம்.

ட்ரூடி மட்டும் விடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் இழுத்தாள். "வாரா வாரம் பில்லிங்ஸ் போறீங்கல்ல, லவோனோட... அதுக்கு இந்த இன்னொரு வகை, கொஞ்சம் மெத்துனு..."

"மெத்துனா? அது தலகாணிக்கு வித்ததுல்ல?"

மேஜை வெடித்துச் சிரித்தது. தலகாணி என்பது டுவேன். கனத்த உடம்புக்காரன், கோதுமை விவசாயி, நாற்பத்தைந்து வயசு இருக்கும். இடுப்பில் முதுகெலும்புத் தட்டு நழுவியதால் தன் பிக்கப்புக்கு மெத்தென்ற ஷாக் கேட்டு வாங்கியவன். அன்றைக்கே ஹால்வர் வைத்த பெயர் அது. சர்ச்சில்கூட அவனை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

டுவேன் அன்றைக்கும் மேஜையில்தான் இருந்தான். "சிரிங்க, சிரிங்க. எனக்கு வண்டியில நல்லா இருக்கு."

"தூக்கம் வருமே!"

"வருது. அதுக்கென்ன?"

"எனக்குத் தூக்கம் வந்தா கட்டில்ல படுப்பேன்டா. வண்டியில போனா வண்டியில போற மாதிரி இருக்கணும்" என்றார் ஹால்வர். கவுன்ட்டரை இரண்டு தட்டு தட்டினார். "ட்ரூடி, அந்த இறுக்கமானதையே எடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய் அன்றைக்கே தானே மாட்டினார். டயர்களிலும் டிரெய்லர் இழுக்கும்போது அடிக்கிற அளவுக்குக் காற்றை அடித்து வைத்தார். லவோன் காபி கொண்டுவந்தபோது வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார். "இனிமே ஆடாது பாரு. பாறை மாதிரி நிக்கும்."

"பாறை மாதிரியா? சரி" என்றாள் லவோன்.

இலையுதிர்காலம் போயிற்று, பனி விழுந்தது. வியாழக்கிழமைதோறும் போனார்கள், வந்தார்கள். மருந்து வேலை செய்வதாக டாக்டர் சொன்னார். ரத்தத்தில் குறைய வேண்டியது குறைந்துகொண்டு வந்தது. லவோன் வண்டியில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மருந்தின் அசதி என்று ஹால்வர் நினைத்தார். வியாழக்கிழமைக் காலைகளில் சாப்பிடுவதை நிறுத்தினாள். அதையும் மருந்தின் கணக்கிலேயே வைத்தார்.

மார்ச் மாதம் பனி இளகத் தொடங்கியபோது, ஒரு புதன்கிழமை பாத்திரம் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள். "நாளைக்கு நான் வரல, ஹால்வர்."

"ஏன், ஜலதோஷமா?"

"இல்ல. இனிமே வரல. போதும்னு இருக்கு."

"போதும்னா? டாக்டர் கேக்குதுன்னு சொல்றாரே!"

"சொல்றாரு."

"அப்புறம்?"

"போதும்னேன்ல." துண்டைக் கம்பியில் விரித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வியாழன் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து ஃபோன் வந்தது. ஒரு வாரம் விட்டதைச் சமாளிக்கலாம், தொடர்ந்து இரண்டாவது வாரமும் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இரண்டாம் தடவை மருந்து இதே மாதிரி கேட்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஹால்வர் அதை அப்படியே லவோனிடம் சொன்னார். கோபமாகச் சொன்னார், கெஞ்சிச் சொன்னார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்ந்தது போதும் என்று முடிவு செய்துவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. 

சனிக்கிழமை, அடுத்த பண்ணை ஆர்லிஸ் வீட்டுக்குப் போனார். ஆர்லிஸ் விதவை, லவோனுக்குச் சின்ன வயசுத் தோழி. கோழிக் கூண்டுக் கதவுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பேசிப் பாரு ஆர்லிஸ். நான் சொன்னா கேக்கல. அவ மனசு விட்டுட்டா."

"லவோனா? மனசு விடறவளா அவ?" வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துவிட்டு ஆர்லிஸ் கேட்டாள். "போன மாசம்கூட வெள்ளரி விதை வாங்கணும், மறந்துடாதேன்னு என்கிட்ட சொன்னாளே."

"பின்னே ஏன் வரமாட்டேங்கறா? அந்த மருந்து அவளை அடிச்சுப் போட்டுடுது. வர்றப்ப முகம் வெளுத்து வருது."

 ஆர்லிஸ் மெதுவாகக் கேட்டாள். "அக்டோபர்ல உனக்குக் காய்ச்சல்னு நான் என் கார்ல கூட்டிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"போறப்பவும் தூங்கினா, வர்றப்பவும் தூங்கினா. அதே மருந்துதான் ஏத்தினாங்க. வர்ற வழியில எறங்கி ஆப்பிள் பை சாப்பிட்டோம். ரெண்டு துண்டு தின்னா."

ஹால்வர் உடனே சொன்னார். "அது ரோட்டைச் சமம் பண்ணின மறுநாள். இயந்திரம் வந்துட்டுப் போயிருந்தது."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்ல, ஆர்லிஸ். வந்துட்டுப் போச்சு, எனக்குத் தெரியும்."

"சரிப்பா. வந்துச்சு." அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "உன் பிக்கப்ல லவோன் உக்கார்ற வலது பக்கம் நீ கடைசியா எப்போ உக்காந்த?"

"என் வண்டியில நான் எதுக்கு அங்க உக்காரணும்?"

"சாவியைக் குடு."

"ஆர்லிஸ்..."

"குடுய்யா. தின்னுட மாட்டேன்."

ஆர்லிஸ் ஏறி ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஹால்வர் சுற்றிப்போய் லவோனின் பக்கத்துக் கதவைத் திறந்தார். சீட்டின் மேல் மடித்த போர்வை ஒன்று, அதன் மேல் இன்னொன்று, அதற்கும் மேல் லவோன் தைத்த பஞ்சு மெத்தை. குளிருக்கு என்று நினைத்திருந்தார். ஹீட்டர் ஓடும் வண்டியில் குளிர் எங்கிருந்து வரும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதன் மேலேயே உட்கார்ந்தார்.

ஆர்லிஸ் வேகமாக ஓட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஹால்வர் ஓட்டுவதைவிட மெதுவாகவே போனாள். வாசல் தாண்டிச் சரளையில் ஏறியதும் அலைகள் அடியிலிருந்து தொடங்கின. ஓட்டுகிறவனுக்குப் பிடிக்க ஸ்டீரிங் இருக்கிறது, கண் ரோட்டில் இருக்கிறது, எங்கே குலுங்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. வலது பக்கத்தில் அதெல்லாம் இல்லை. ஒவ்வொரு மேடும் நேராக இடுப்பெலும்பில் ஏறி, பிடரியில் போய் நின்றது. பாரமில்லாத வண்டி, பாரத்துக்கு ஏற்ற பிடிப்பு. அது ரோட்டை விழுங்காமல் அப்படியே உள்ளே இருக்கிறவர் மேல் துப்பியது.

முதல் குழாய்ப் பாலம் தெரிந்தது. ஹால்வரின் கை தானாகவே கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைத் தேடிப் பிடித்தது. பிடித்த இடம் வழவழவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு மாதிரி சொரசொரப்பாக இருக்க, நாலு விரல் பதியும் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பாலம் வருவதற்குச் சற்று முன்னால் லவோன் கையை உயர்த்துவாள். எங்கோ மேய்ச்சல் நிலத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்புவாள். மான் ஏதாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு தடவை, "என்ன, மானா?" என்றுகூடக் கேட்டார். "ஆமா, போயிடுச்சு" என்றாள்.

வண்டி தடதடவென்று குழாய்கள் மேல் ஏறி இறங்கியது. ஹால்வரின் முதுகெலும்பு உளுத்துப்போகாதது. அதிலேயே அவர் பல்லைக் கடித்தார்.

தபால் பெட்டி நிற்கும் முனையில் ஆர்லிஸ் வண்டியை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் முன்னால் பார்த்தபடியே இருந்தாள். "திரும்பட்டுமா? இல்ல இன்னும் கொஞ்ச தூரம் போகணுமா?"

"திருப்பு" என்றார் ஹால்வர்.

திங்கட்கிழமை காலை கூட்டுறவுக் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார். கண்ணாடிக்கு உள்ளே மேஜை நிறைந்திருந்தது. அவர் இறங்கவில்லை. அவர்கள் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். வீட்டில் பெண்டாட்டி உயிர் போகிற விஷயம், இவர் நாலு கிழவர்கள் காபி குடித்து முடிப்பதற்காகக் காத்திருந்தார்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். டெல்மர் நேராக இவர் ஜன்னலுக்கு வந்து முழங்கையை ஊன்றிக்கொண்டார். சேற்றைப் பற்றிப் பேசினார், கன்று ஈனும் பருவத்தைப் பற்றிப் பேசினார். பிறகு, "உள்ள வராம இங்க என்ன பண்றே?" என்றார்.

"கிரீஸ் வாங்க வந்தேன்."

"டிரெய்லருக்கா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "ஆமா" என்றார் ஹால்வர்.

டெல்மர் தலையை ஆட்டினார். வண்டியின் கூரையை ஒரு தட்டு தட்டினார். "லவோனைக் கேட்டேன்னு சொல்லு" என்றுவிட்டுப் போனார். டிரெய்லருக்கா என்ற கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. பழைய சிநேகிதனுக்கு நின்றுகொள்ள ஓர் இடம் விட்டுக் கொடுத்துக் கேட்ட கேள்வி அது. அது ஹால்வருக்குத் தெரியும். தெரிந்ததால் முகம் இன்னும் கொதித்தது.

உள்ளே போனார். ட்ரூடி நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கு வாங்கின ஷாக் சரியில்ல" என்றார்.

"உடைஞ்சுடுச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான்... எங்களுக்குச் சரிப்படல."

ட்ரூடி அன்றைக்குக் கேட்ட கேள்வியை இன்றைக்குக் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி விரல்களை வைத்தவள் அப்படியே நின்றாள். அவள் கேட்க மாட்டாள் என்று ஹால்வருக்குப் புரிந்தது. யாருமே கேட்க மாட்டார்கள். தானாகச் சொன்னால் உண்டு.

"நான் ஒண்ணும் இழுக்கல, ட்ரூடி" என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ரொம்ப நாளா ஒண்ணும் இழுக்கல. அந்த வண்டியில லவோனை உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன், கூட்டிட்டு வர்றேன். அவ்வளவுதான். அவளுக்கு முதுகு..." 

"எனக்குத் தெரியும்" என்றாள் ட்ரூடி. அவளும் அவரை நேராகப் பார்க்கவில்லை. "தெரிஞ்சேதான் அதை வித்தேன். இன்னொரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கணும். எல்லாரும் உக்காந்திருந்தாங்க, உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு விட்டுட்டேன். அன்னிக்கு ராத்திரி என் புருஷன்கிட்டகூடச் சொன்னேன்."

அலமாரி வரிசைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். டுவேன். கையில் ஒரு ஜோடித் தோல் கையுறை. எல்லாம் கேட்டிருந்தான். ஹால்வர் அவனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

டுவேன் நடந்து வந்து கவுன்ட்டரில் சாய்ந்தான். "என் வண்டியில போட்டதையே உங்களுக்கும் போடலாம், அதே மாதிரி வண்டிதான். ஆனா ஷாக் மட்டும் மாத்தினா பாதிதான் கேக்கும். பின் டயர்ல காத்து எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

ஹால்வர் சொன்னார்.

"அய்யய்யோ! அது பாறாங்கல்லுல்ல? எறக்குங்க. பாரம் இல்லாத வண்டிக்கு எவ்வளவுன்னு கதவு ஓரத்துல ஒட்டியிருக்கும், அதுக்குக் கொண்டு வாங்க. அப்புறம் பின்னாடி அச்சுக்கு மேல மணல் மூட்டை கொஞ்சம் போடுங்க. அந்த ஸ்பிரிங் கனம் இல்லாம அமுங்காது. நான் போட்டிருக்கேன்."

"அதை நீ எப்பவும் சொல்லலயே."

"சொன்னா இன்னொரு பேரு வெப்பீங்க." டுவேன் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. "என் பொண்ணு ஸ்கூல்ல அவளைக் குட்டித் தலகாணின்னு கூப்பிடறாங்க, ஹால்வர். அது உங்களுக்குத் தெரியாது, பரவால்ல."

ஹால்வர் தொப்பியைக் கழற்றினார். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் போட்டுக்கொண்டார். "டுவேன்" என்றார். அவ்வளவுதான் வந்தது. பட்டப்பெயர் வைத்த நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை.

பெட்டிகள் புதன்கிழமை காலை லாரியில் வந்தன. ஹால்வர் அவற்றைத் தொழுவத்துக்குக் கொண்டுபோனார். லவோனுக்குத் தெரியாமல் மாட்டிவிட்டு, "வா, சும்மா ஒரு சுத்து போய்ட்டு வரலாம்" என்று கூப்பிடுவதுதான் அவர் போட்டிருந்த திட்டம். எதையும் வாய்விட்டுச் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார்.

ஜாக்கியை எடுக்க வீட்டுப் பக்கம் வந்தபோது லவோன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"தொழுவத்துக்குக் கொண்டுபோனியே, என்ன பெட்டி அது?"

"வண்டிக்கு. ஷாக்."

"செப்டம்பர்ல போட்டியே."

"அது சரியில்ல."

"புதுசாச்சே. என்ன சரியில்ல?"

ஹால்வர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூட்ஸிலிருந்து சேறு தரையில் வடிந்தது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருந்ததே அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆர்லிஸ் ஓட்டினா. நான் உன் பக்கம் உக்காந்து பாத்தேன்."

லவோனின் கத்தி நின்றது. "எவ்வளவு தூரம்?"

"தபால் பெட்டி வரைக்கும்."

"தபால் பெட்டி வரைக்குமா!" லவோன் சிரித்துவிட்டாள். நிஜமாகவே சிரித்தாள். சிரித்ததில் முதுகு வலித்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஹால்வர் ஓர் அடி வைத்து, மேலே போகலாமா என்று தெரியாமல் நின்றார்.

"ஏன் சொல்லல, லவோன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ அதை மாட்டின அன்னிக்கு வண்டிக்கு அடியில படுத்துட்டு சீட்டி அடிச்ச. மாட்டை ஏத்தி அனுப்பின நாள்லேர்ந்து நீ சீட்டி அடிச்சு நான் கேக்கல. காபியைக் கையில வெச்சுக்கிட்டு அங்கயே நின்னு கேட்டேன். அதைப் போய்க் கெடுக்கணுமான்னு தோணிச்சு. அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் சொன்னா, போன வாரம் ஏன் சொல்லலன்னு கேப்ப. அப்படியே போயிடுச்சு."

"அதுக்காக மருந்தை விட்டுடுவியா? எனக்காக உயிரை விடுன்னு நான் உன்னைக் கேட்டேனா?" குரல் எழும்பியது.

"சாகணும்னு நான் நெனக்கல. பெருசா எல்லாம் எடுத்துக்காத. புதன்கிழமை வந்தா அந்த ரோடு கண்ணுக்கு முன்னாடி வந்து நிக்கும். வலியோட போய், வலியோட வந்து, சனிக்கிழமை வரைக்கும் அந்த வலியோடயே படுத்துக் கெடந்து... இனி அந்த ரோட்டுல போக வேணாம்னு நெனச்சேன். அவ்வளவுதான் நெனச்சேன்."

ஹால்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை மேஜை மேல் வைத்து அவற்றையே பார்த்தார். "ட்ரூடி மெத்துனு இருக்கறது வேணுமான்னு கேட்டா. உன் பேரைச் சொல்லியே கேட்டா. நான்... எல்லாரும் உக்காந்திருந்தாங்க. டிரெய்லர் இழுக்கறேன்னு சொன்னேன்."

"அது பொய்னு அங்க எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியும்னு எனக்கும் தெரியும். அப்பவே தெரியும். அவங்க முன்னாடி நான் ஒண்ணும் இல்லாதவனா நிக்கக் கூடாதுன்னு, அதுக்காக உன்னைக் கொண்டுபோய் அந்தக் குழாய் மேல எல்லாம்..."  லவோன் மறுப்பாள் என்று உள்ளுக்குள் எங்கோ காத்திருந்தார் என்று நினைக்கிறேன். அப்படியெல்லாம் சொல்லாதே, நீ என்ன வேணும்னேவா செஞ்ச என்பாள் என்று.

லவோன் அவரைப் பார்த்தாள்.

"ஆமா. செஞ்ச" என்றாள்.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. அவள் எழப் பார்த்தாள். ஹால்வர் எழுந்து அடுப்பைத் தணித்தார்.

"ஃபோன் பண்ணு" என்றாள் லவோன். "போன வாரம் வராததுக்கு அவங்களுக்கு ஒரு பதில் சொல்லணும்ல. நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

சுவரில் தொங்கிய ஃபோனை எடுத்து எண்ணைச் சுழற்றினார். ஒரு நர்ஸ் எடுத்தாள், சின்னப் பெண்ணின் குரல். லவோன் ஏன் வரவில்லை, காய்ச்சல் ஏதாவது வந்ததா, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள்.

"மருந்தெல்லாம் ஒத்துக்குது" என்றார் ஹால்வர். "வண்டிதான். வண்டியை அவளுக்கு வலிக்கற மாதிரி வெச்சிருந்தேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பாக்கல."

 "சரிங்க" என்றாள் நர்ஸ். "நாளைக்கு வர்றாங்களா? காலைல எட்டு மணிக்கு இடம் இருக்கு."

ஹால்வர் ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றார். திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க அவருக்குத் துணிவில்லை. பின்னால் உருளைக்கிழங்கு சீவும் சத்தம் மறுபடி தொடங்கியிருந்தது.

"எட்டு மணி எல்லாம் ஆகாதுன்னு சொல்லு" என்றாள் லவோன். "பதினொண்ணுக்கு மேல வேணும்னு கேளு. நாம மெதுவாப் போகணும்."

ஹால்வர் அதை அப்படியே ஃபோனில் சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டே.